அட்டையில் எழுதிய தகப்பன்

“அக்கா, இந்த முறுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

டாக்டர் ஃபரீதா இப்படிக் கேட்டபோது காலை ஒன்பது மணி இருக்கும். ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் ஊருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த ஆர்க்கிட் பண்ணையின் நான்காவது வலைக்கொட்டகையில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். முந்தைய நாள் மழை மேலே கறுப்பு வலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் மட்டையும் உரமும் கலந்த வாடை. எங்கள் முன்னால் ஒரு செடி, விதையிலிருந்து வளர்ந்து, முதன்முறையாகப் பூத்திருந்தது.

புளியம்பழ ஓட்டைத் தேனில் ஊற வைத்தது போன்ற நிறம். மேல் இதழ்கள் இரண்டும் லேசாக முறுகி, நிமிர்ந்து நின்றன. நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இதழை நாங்கள் உதடு என்போம். அந்த உதட்டில் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

ஃபரீதா தொட்டியில் செருகியிருந்த அட்டையை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். தாய், வெள்ளை எட்டு. தகப்பன், ஊதா முப்பது. என் கையெழுத்து.

வெள்ளை எட்டு தட்டையான இதழ் கொண்ட பூ. ஊதா முப்பதும் தட்டைதான். இரண்டிலும் முறுக்கு கிடையாது, புள்ளி கிடையாது, இந்த நிறமும் கிடையாது.

“தெரியலையே டாக்டர்” என்றேன்.

எனக்குத் தெரியும். பூவைப் பார்த்த அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

நுண்ணோக்கியிலிருந்து பூவுக்கு

ஜொகூர் பாரு மின்னணுத் தொழிற்சாலையை விட்டு வந்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “பூத்தோட்டத்து வேலைன்னா நிம்மதியா இருந்திருக்குமே” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பூத்தோட்டம் என்றதும் எல்லோரும் நினைப்பது போல் அது இல்லை. வாசனை கிடையாது. நாங்கள் வளர்த்த ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மணமே இல்லை. காலையில் வெட்டி, தரம் பிரித்து, காம்புக்கு ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் மாட்டி, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றினால் மதியத்துக்குள் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்விடும். அங்கே யாருடைய கல்யாண மேசையிலோ பத்து நாள் நிற்கும். தொழிற்சாலையில் சில்லுகளை எண்ணியது போல இங்கே காம்புகளை எண்ணினோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். ஏழு வருடம் நுண்ணோக்கிக்குக் கீழே வேலை செய்து பழகிய கை நடுங்காது என்பதுதான் என் தகுதி. நல்ல செடியின் குருத்து நுனியைச் சீவி எடுத்து, போத்தலில் கூழ் மாதிரி ஊட்டத்தில் வைத்தால் அது பெருகும். பெருகியதைப் பிரித்து வேறு போத்தலில் வைத்தால் அதுவும் பெருகும். இப்படி ஒரு செடியை ஆயிரக்கணக்கான செடிகளாக ஆக்கலாம். எல்லாம் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். ஒரே நாளில் மொட்டு வைக்கும், ஒரே உயரம் வளரும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் அதே காரணத்தால் எங்களுக்கு அடி விழுந்தது.

இரண்டாவது கொட்டகை

அந்த வருடம் வாரக்கணக்கில் வெயிலே வரவில்லை. இரண்டாவது கொட்டகையில் ஒரு மூலையில் சில இலைகள் வெந்தது போல் கண்ணாடியாகின. தொட்டால் வழுக்கியது. மூன்றாம் நாள் நாற்றம். அழுகல் நோய். பத்து நாளில் கொட்டகை முழுக்கப் பரவியது.

நான் கவனித்தது ஒன்று. நோய் எந்த இடத்திலும் தயங்கவில்லை. வேறு வேறு செடிகள் இருந்தால் ஒன்று சாகும், ஒன்று தாங்கும், இன்னொன்று பாதி தப்பும். இங்கே எல்லாம் ஒரே செடி. ஒன்றைக் கொல்லத் தெரிந்ததற்கு மற்றதைக் கொல்லவும் தெரிந்திருந்தது. நாங்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தள்ளுவண்டியில் அள்ளி அள்ளிப் பின்பக்கம் கொண்டுபோய் எரித்தோம்.

அதற்குப் பிறகுதான் தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, புது ரகங்கள் உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்காக வந்தவர்தான் ஃபரீதா. சிகாமட் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். அப்பாவுக்கு அங்கே சாப்பாட்டுக் கடை. இவர் செடிகளின் மரபணுவைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டார். நான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டேன். வயதுக்கு அது, பதவிக்கு இது. இருவருக்கும் அது சரியாக இருந்தது.

வந்த வாரத்தில் பண்ணை முழுக்க நடந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது நினைவிருக்கிறது.

“இவ்ளோ பூ இருக்கு, ஆனா செடின்னு பார்த்தா பன்னெண்டுதான்கா இருக்கு.”

பல்குத்தும் குச்சி

ஆர்க்கிட்டைக் கலப்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. பூவின் நடுத்தண்டின் நுனியில் ஒரு மூடி இருக்கும். பல்குத்தும் குச்சியால் அதைத் தட்டினால் மூடி விழுந்து, கேழ்வரகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். மகரந்தம் அதுதான். அதை வேறு பூவின் பசையுள்ள குழியில் வைக்க வேண்டும். இரண்டு நாளில் பூ தொங்கிவிடும். பிடித்திருந்தால் காம்பு பச்சையாகத் தடித்துக் காயாகும். பிடிக்காவிட்டால் மஞ்சளாகி உதிரும். எங்கள் ரகங்களில் பாதிக்குமேல் உதிர்ந்துவிடும்.

காய் முற்றுவதற்கு நான்கு மாதம். உள்ளே விதை மாவு போல இருக்கும். மூச்சு விட்டால் பறக்கும். போத்தலில் விதைத்து, முளைத்து, மாற்றி மாற்றி வைத்து, தொட்டிக்கு வந்து பூக்க மூன்று வருடம்.

ஒரு காயிலிருந்து வரும் பிள்ளைகளில் இரண்டு ஒன்று போல் இருக்காது. அந்த வேறுபாடுகளிலிருந்துதான் பொறுக்கி எடுக்கிறோம். நூற்றில் தொண்ணூற்றைந்து குப்பைக்கு. மீதியில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். தேறியதும் முதலில் பார்ப்பது அட்டையை. தாய் எது, தகப்பன் எது என்று தெரிந்தால்தான் அதே கலப்பை மறுபடி செய்ய முடியும்.

அட்டை எழுதுவது என் வேலை.

தீபாவளிக்கு முந்தைய நாள்

அன்று பட்டியலில் பத்து கலப்புகள். ஒன்பதை முடித்துவிட்டேன். பத்தாவது, வெள்ளை எட்டின் மேல் ஊதா முப்பது. ஊதா முப்பது அப்போது பூத்து முடிந்திருந்தது. அதன் மகரந்தத்தைச் சின்ன மாத்திரைக் கூட்டில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். இருந்தது அந்த ஒன்றுதான்.

கூட்டைத் திறக்கும்போது கை வழுக்கியது. மேசைக்குக் கீழே ஓடும் கால்வாயில் விழுந்தது. எடுத்தபோது தண்ணீர் புகுந்து மகரந்தம் கரைந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நான் ஒரு தட்டுப் போத்தல்களைக் கீழே போட்டு உடைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அப்போது எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தார். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு மணிக்கு ரெங்கத்தில் பேருந்து. வீட்டுக்காரர் குணா சிங்கப்பூரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார். வீட்டில் பலகாரம் எதுவும் ஆரம்பிக்கவில்லை.

காரணங்களை இப்படி வரிசையாக எழுதும்போது பெரியதாகத் தெரிகிறது. அப்போது யோசித்தது அரை நிமிடம்கூட இருக்காது.

பக்கத்தில் வீசுவதற்காக ஒதுக்கி வைத்த செடிகள் கிடந்தன. அதில் ஒன்று, இரண்டாவது கொட்டகையில் எப்போதோ வழி தவறி வந்து சேர்ந்த, எண் இல்லாத செடி. அழுகலில் சுற்றிலும் எல்லாம் செத்தபோது இது மட்டும் மூன்று இலையோடு நின்றது. பூ அசிங்கம். சின்னதாக, பழுப்புப் பச்சையாக, இதழ் முறுகி இருக்கும். நாங்கள் அதை முறுக்கு என்றுதான் சொல்வோம். அன்று அதில் இரண்டு பூ இருந்தது.

முறுக்கின் மகரந்தத்தை எடுத்து வெள்ளை எட்டில் வைத்தேன். அட்டையில் பட்டியலில் இருந்தபடி ஊதா முப்பது என்று எழுதினேன். எப்படியும் உதிர்ந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு ஒதுக்கிய செடிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்பக்கம் செம்பனை ஓரத்தில் கொட்டிவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன்.

அது உதிரவில்லை.

பாட்டன் வழி

இனி நான்காவது கொட்டகைக்கு வருகிறேன்.

அந்த முதல் பூவுக்குப் பிறகு, அதே காயிலிருந்து வந்த மற்ற செடிகளும் ஒவ்வொன்றாகப் பூத்தன. ஒன்று அதிகமாக முறுகி, ஒன்று கொஞ்சமாக. ஒன்று தேன் நிறம், ஒன்று இளம் பச்சை. முதலில் பூத்ததுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. ஃபரீதா அதன் காம்பை வெட்டிக் கண்ணாடிக் குவளையில் வைத்து நாள் எண்ணினார். வழக்கமான பூக்கள் இரண்டாம் வாரம் வாடும். இது நான்காம் வாரத்திலும் நின்றது. மழையில் நனைய விட்டுப் பார்த்தார். அழுகவில்லை.

அவருக்கு வந்த சந்தேகம் என்மேல் இல்லை. அறிவியலின்மேல். வெள்ளை எட்டின் முன்னோர் பட்டியலைத் தேடி எடுத்தார். மூன்று தலைமுறைக்கு முன்னால் முறுக்கு இதழ் கொண்ட ஒரு காட்டு இனம் இருந்தது. அந்தக் குணம் ஒளிந்திருந்து இப்போது வெளியே வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்.

“பாட்டன் வழிக்கா. இவ்ளோ நாளா உள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதை நிரூபிக்க, வெள்ளை எட்டையும் ஊதா முப்பதையும் நாற்பது முறை கலக்க வேண்டும் என்றார். செய்ய வேண்டியவள் நான்.

செய்தேன். தினமும் இரண்டு மூன்று. இந்தக் கலப்பில் முறுக்கு வராது என்று தெரிந்தே குச்சியைத் தொட்டேன், தெரிந்தே அட்டை எழுதினேன். இந்த முறை அட்டையில் எழுதியது எல்லாம் உண்மை. மகரந்தம் ஊதா முப்பதுதான். காய்கள் வரிசையாகத் தடிக்க ஆரம்பித்தன. தினமும் காலையில் அவற்றைத் தாண்டித்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது, குணாவிடம் சொன்னேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தச் செடி எங்க இப்ப?”

“வீசியாச்சு.”

“அப்ப விடுலா. யாருக்குத் தெரியப் போவுது?”

“மூணு வருசம் கழிச்சு எல்லாம் தட்டையாப் பூக்கும். அப்ப தெரியும்.”

“அப்பவும் உன்னால்னு தெரியாதுல்ல.”

அவர் சொன்னது சரிதான். என்னால் என்று தெரியாது. ஃபரீதாவின் கணக்குத் தவறு என்று மட்டும் தெரியும். அவருடைய மூன்று வருடம் போகும். பாட்டன் வழி என்று அவர் எழுதும் அறிக்கை பொய்யாகும். எனக்கு ஒன்றும் ஆகாது.

அது தெரிந்தும் மறுநாள் போய் இன்னும் மூன்று கலப்புகள் செய்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடையாள அட்டை எண்

முப்பத்தெட்டாவது கலப்பு முடிந்த நாள். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. வலையின் மேல் மழை சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபரீதா ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். புது ரகத்தைப் பதிவு செய்யும் பாரம்.

“அக்கா, உங்க ஐ.சி. நம்பர் சொல்லுங்க.”

“எதுக்கு டாக்டர்?”

“உருவாக்கினவங்கன்னு ரெண்டு பேர் போடலாம். ஒண்ணு நான், ஒண்ணு நீங்க.”

“நான் என்ன பண்ணேன்?”

“கிராஸ் பண்ணது நீங்கதானே. கை உங்களுதுதானே.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்த லேபல் தப்பு டாக்டர்.”

“எந்த லேபல்?”

“முதல் லேபல். அது ஊதா முப்பது இல்ல. மகரந்தம் தண்ணில விழுந்துருச்சு. நான் வேற செடியோடத வெச்சுட்டேன். வெச்சுட்டு ஊதான்னு எழுதிட்டேன்.”

அவர் பேனாவை மூடினார். பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த கூடையின்மேல் உட்கார்ந்தார். வரிசையாக இருந்த காய்களைப் பார்த்தார்.

“எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“பூத்த அன்னைக்கே.”

“அன்னைக்கு நான் கேட்டேனே.”

“ஆமா.”

“அதுக்கப்புறம் முப்பத்தெட்டு பண்ணீங்க.”

“ஆமா.”

“ஒவ்வொண்ணும் தெரிஞ்சே பண்ணீங்க.”

அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். திட்டவில்லை. பாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். எந்தச் செடி? எங்கே இருந்தது? எத்தனை இலை? பூவில் புள்ளி இருந்ததா? யார் வீசினது? எங்கே? நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

கடைசியாக, “போலாம்” என்றார்.

“எங்க?”

“வீசின எடத்துக்கு.”

பார்வதியின் முற்றம்

பின்பக்கம் செம்பனை ஓரத்தில் மூன்று வருடத்துக் குப்பை மக்கி மண்ணாகியிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் வீசிய செடிகள் எல்லாம் அங்கேயே கிடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். கேன்டீனில் சமைக்கும் மகேஸ்வரி, வீட்டுக்குப் போகும்போது உயிரோடு இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு போவார்.

மகேஸ்வரியிடம் போய்க் கேட்டோம். முதலில் பயந்துவிட்டார். செடி எடுத்ததைக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

“குப்பைல கெடந்ததுதான் டாக்டர். தவுக்கேகிட்ட சொல்லிடாதீங்க.”

“நீங்க எடுத்தது நல்லதுக்குத்தான்கா. சொல்லுங்க, முறுக்கிக்கிட்டு ஒரு பூ. பழுப்பா இருக்கும்.”

மகேஸ்வரி யோசித்தார். “காடை முட்டை மாதிரி புள்ளி வெச்சுக்கிட்டு?”

“அதுதான்.”

“எனக்குப் புடிக்கல. கோத்தா திங்கில என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். அதுதான் எதக் குடுத்தாலும் வாங்கிக்கும்.”

மறுநாள் ஃபரீதாவின் காரில் கோத்தா திங்கி போனோம். வழியில் அவர் வானொலியைப் போடவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கினார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைத் திறக்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

தங்கை பார்வதியின் வீடு ஆற்றுக்கு அருகில் இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. போன வருடத்து வெள்ளம் விட்டுப்போனது. கீழே தொட்டிகளில் இருந்ததெல்லாம் போய்விட்டது என்றார் பார்வதி. சாமான், அரிசி, பிள்ளையின் பள்ளிப் புத்தகம், பூச்செடிகள் எல்லாம்.

“அக்கா குடுத்ததா? அத நான் தொட்டில வெக்கல. அங்க பாருங்க.”

முற்றத்தில் ஒரு ரம்புத்தான் மரம். அதன் தண்டில், என் தலைக்கு மேல், பழைய காலுறையைக் கிழித்து அந்தச் செடியைக் கட்டியிருந்தார். செடி மரத்தைப் பிடித்து வேர் விட்டு ஏறியிருந்தது. மூன்று இலையோடு போனது இப்போது புதர் மாதிரி இருந்தது. பூ இல்லை. ஆனால் முறுகிக் காய்ந்த பழைய காம்புகள் தொங்கின. தண்டின் கணுக்களில் குட்டிகள் விட்டிருந்தன.

“இதையா தேடி வந்தீங்க? அட அலமாக்! அழகே இல்லாத பூவுலா அது” என்றார் பார்வதி.

ஃபரீதா நாற்காலி கேட்டு வாங்கி ஏறினார். முழுச் செடியை எடுக்கவில்லை. இரண்டு இலையும், வேர் விட்ட இரண்டு குட்டிகளும் மட்டும் கேட்டார். பார்வதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

“வேணாம்கா. இங்கயே இருக்கட்டும். இங்க பத்திரமா இருக்கு.”

அந்த இலைகளையும் புதுச் செடியின் இலையையும் மரபணுச் சோதனைக்காக ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். சில வாரங்களில் முடிவு வந்தது. மேசையில் என் பக்கம் தள்ளிவைத்து, “இதுதான் தகப்பன்” என்றார்.

தவுக்கே

தவுக்கேயிடம் ஃபரீதாவே என்னை அழைத்துப் போனார். நடந்ததை மலாயில் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, எதையும் கூட்டவில்லை. தவுக்கே நாற்காலியில் சாய்ந்து கேட்டுவிட்டு, அந்தப் பூ விற்குமா விற்காதா என்று கேட்டார். விற்கும் என்றார் ஃபரீதா. அப்படியென்றால் என்ன பிரச்சினை என்று தவுக்கே கேட்டார்.

ஃபரீதா சொன்ன பதிலை என் வார்த்தையில் எழுதுகிறேன். அட்டையை நம்ப முடியாத இடத்தில் தான் வேலை செய்ய முடியாது என்றார். அதனால் நான் இனி கலப்பு வேலை செய்யக் கூடாது என்றார். ஆனால் என்னை வேலையிலிருந்து எடுக்கவும் கூடாது, ஏனென்றால் வாயைத் திறந்து சொன்னவள் நான்தான் என்றார்.

அந்த வாரமே என்னைப் பெட்டி கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இருந்தாலும் முதல் சில மாதங்கள், ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வேறொருத்தி குனிந்திருப்பதைப் பார்க்காமல் இருக்க, கழிவறைக்குச் சுற்று வழியாகப் போனேன்.

அந்த முப்பத்தெட்டு கலப்புகளில் பிடித்திருந்த காய்களையெல்லாம் ஃபரீதா வெட்டி எறிந்தார். பிறகு குட்டிகள் பூக்கும் வரை காத்திருந்து, அந்த மகரந்தத்தைப் பண்ணையின் பன்னிரண்டு ரகங்களிலும் வைத்தார். பிடித்தது ஐந்துதான். அந்த ஐந்து காயிலிருந்து வந்த செடிகள் மூன்று மழைக்காலம் கழித்துப் பூத்தபோது, நான் மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஒரு கொட்டகை முழுக்க ஒன்று போல் ஒன்று இல்லை. மஞ்சளில் முறுக்கு, வெள்ளையில் புள்ளி, நெட்டை, குட்டை, பூக்காமலே நிற்பது. ஒழுங்கே இல்லாத கொட்டகை. ஃபரீதா அதன் நடுவில் நோட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒன்றரைப் பக்கம்

அந்த முதல் பூவின் பதிவு ஒரு வருடம் தள்ளிப்போனது. தாய் தகப்பன் எப்படித் தெரிந்தது என்று பாரத்தில் விளக்க வேண்டும். ஃபரீதா பெட்டிக் கொட்டகைக்கு வந்து, கோடு போட்ட இரண்டு தாள்களைக் கொடுத்தார்.

“நடந்தத நீங்களே எழுதுங்க. மலாய்ல. உங்க கையெழுத்துல.”

“நீங்க எழுதினா நான் சைன் போடறேன் டாக்டர்.”

“இல்ல. நான் எழுதினா அது என் கதை.”

வீட்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். முதல் மூன்றிலும் தீபாவளியும் எச்சரிக்கைக் கடிதமும் ஒப்பந்தமும் நிறைய இருந்தன. நான்காவதில் அவற்றை எடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஃபரீதா ஒரு சொல்லையும் மாற்றாமல் பாரத்தோடு இணைத்தார். உருவாக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அது சரிதான்.

அந்தத் தாள்களை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நானும் அதை மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், பதிவுக்கு முன் செடியை நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர், மழைக்கால பூட்ஸ் போட்டிருந்தார். கொட்டகைகளைப் பார்த்துவிட்டு, ஃபரீதாவோடு நாங்கள் பெட்டி கட்டும் இடத்துக்கு வந்தார். கையில் எங்கள் பதிவுக் கோப்பு இருந்தது. அன்று நாங்கள் ஆறு பெண்கள், தலையில் வலைத் தொப்பி, மேசையைச் சுற்றி நின்றிருந்தோம்.

“வசந்தி இனி சியாபா?” என்று கேட்டார். இந்த வசந்தி யார்?

எல்லோருடைய கையும் நின்றது. ஃபரீதா என்னைக் காட்டவில்லை.

“சாயா” என்றேன். நான்தான்.

அவர் கோப்பைத் திறந்து என் ஒன்றரைப் பக்கத்தை எடுத்தார். முழுக்கப் படித்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

தகப்பன் செடி வீசப்படுவதற்கு முன் எந்த இடத்தில் இருந்தது, காட்ட முடியுமா என்றார். அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டுமாம்.

கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தேன். அவரும் ஃபரீதாவும் பின்னால் வந்தார்கள். நான்காவது கொட்டகையைத் தாண்டி, தீபாவளிக்கு முந்தைய நாள் நான் கலப்பு செய்த மேசைகளுக்கு நடுவே போய், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று காட்டினேன். அவர் தூணின் எண்ணைக் குறித்துக்கொண்டார். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.